கருந்தொண்டை, நீலத்தொண்டை

பண்ணைக்குப் புதிதாக வருகிற யாரும் மூன்றாம் கூண்டுக்கும் நான்காம் கூண்டுக்கும் நடுவில் நின்று ஒரு தடவையாவது தலையைச் சொறியாமல் போனதில்லை. இரண்டிலும் இருப்பது மக்காவ் கிளிகள்தான். முதுகெல்லாம் நீலம், வயிறெல்லாம் மஞ்சள், ஒரு முழத்துக்கு வால், எந்தக் கொட்டையையும் உடைத்துவிடுகிற கறுத்த அலகு. இதற்கு எதற்கு இரண்டு கூண்டு, நான்காவதுக்கு மட்டும் எதற்கு இரட்டைப் பூட்டு என்று கேட்பார்கள். முதலாளி பதில் சொல்லித் தொண்டையை வீணாக்கிக்கொள்ள மாட்டார். "சுண்டுவிரலைக் கூப்பிடு" என்பார்.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே குஞ்சுகளுக்குக் கையால் தீனி கொடுத்துவரும் மனிதருக்குப் பண்ணை வைத்த பெயர் அது. ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். கூப்பிட்டதும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வந்தவர்களைப் பார்க்காமல் பறவைகளைப் பார்த்தபடி பேச ஆரம்பிப்பார்.

"ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஆனா பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை. தொண்டையைப் பாருங்க. மூணுல தாடி வச்ச மாதிரி கறுப்பு. நாலுல நீலம். நெத்தியைப் பாருங்க. மூணுல பச்சை ஓடும், நாலுல அதுவும் நீலம். மூணுக்கு முகத்துல வெள்ளைத் தோல் அகலம், அதுல மையால இழுத்த மாதிரி கறுப்பு வரி. நாலுக்குத் தோல் குறுகல், வரி நீலம். உடம்பும் ஒரு சுத்து சின்னது. மூணு கத்துனா காது கிழியும். நாலு கத்துனா யாரோ தள்ளி நின்னு கூப்பிடுற மாதிரி இருக்கும்."

கருந்தொண்டை காட்டில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது, நீலத்தொண்டை காட்டில் மொத்தமே சில நூறுதான் மிச்சம் என்பதையும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். வந்தவர்கள் அதற்குப் பிறகு நான்காம் கூண்டை மட்டும் படம் எடுப்பார்கள். மூன்றாம் கூண்டுக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கத்திக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இந்த அடையாளம் எல்லாம் வளர்ந்த பறவைக்குத்தான். முட்டையை உடைத்து வரும்போது இரண்டும் கண் திறக்காத, மயிர் இல்லாத, தலையைத் தூக்க முடியாத ஒரே மாதிரி சதைப் பிண்டம்தான். தொண்டையில் முடி வெடித்து நிறம் தெரிய ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் எது யார் என்று சொல்லக் காலில் போடுகிற வளையம் ஒன்றுதான் சாட்சி. அந்த வளையத்தையும் நினைத்தபோது போட முடியாது. மூன்று வாரத்தில், கால் பருக்கிறதுக்கு முன்னால், விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைத்துவிட வேண்டும். நுழைத்தபின் வெட்டி எடுத்தால்தான் உண்டு.

சுண்டுவிரல் என்ற பெயர் வந்த கதையும் இந்தக் குஞ்சுகளால்தான். குஞ்சுக்குக் கொடுக்கிற தீனி கூழ் மாதிரி இருக்கும். நாற்பது டிகிரியில் இருக்க வேண்டும். ஆறிப்போனால் குஞ்சு வாங்காது, வாங்கினாலும் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையில் தேங்கிப் புளித்துவிடும். ஐந்தாறு டிகிரி கூடிப்போனால் தீனிப்பை உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். சுவரில் ஆணியடித்து ஒரு தெர்மாமீட்டர் தொங்கத்தான் செய்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இடது கைச் சுண்டுவிரலைக் கூழில் ஒரு கணம் விட்டு எடுப்பார். "சரி" என்றால் சரி. "பொறு" என்றால் பொறுக்க வேண்டும். அந்த விரலால் வேறு எந்த வேலையும் செய்ய மாட்டார், மூக்கைக்கூடச் சொறிய மாட்டார் என்று கூண்டு கழுவுகிறவர்கள் கேலி பேசுவார்கள். முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை. விருந்தினர் வந்தால் கூழில் விரலை விடச் சொல்லி, பிறகு தெர்மாமீட்டரையும் விட்டுக் காட்டுவார். அரை டிகிரி பிசகியதில்லை. சூடு சரியா என்று எல்லாரும் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் யாரையும் கேட்டதில்லை.

அவருடைய மனைவிதான் குஞ்சறைக்கு இரண்டாவது கை. மாவு அளப்பது, சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பது, குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற விளக்குப் பெட்டியில் பஞ்சுத் துணி மாற்றுவது எல்லாம் அவள். தீவனக் கிடங்கை ஒட்டின இரண்டு அறைதான் வீடு. வேலை இருக்கிறவரைக்கும் வீடு. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், சாப்பிட்டாயா என்பாள், அப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்பாள். நன்றாக இருக்கிறது என்பார் அவர். சர்க்கரை நன்றாகத்தான் இருந்தது. ஏழு வருஷமாக அவரோடு சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே குஞ்சறையில் மனைவியின் தம்பியும் வேலை பார்த்தான். கல்யாணமாகி, நல்ல துடியாக இருந்தவன். ஒரு நாள் அவசரத்தில் சூடு பார்க்காமல் கருந்தொண்டைக் குஞ்சு ஒன்றுக்குக் கூழ் கொடுத்துவிட்டான். நான்காம் நாள் தோல் பொத்து, உள்ளே போனதெல்லாம் வெளியே வழிந்தது. இவர் கத்தவில்லை. அவனைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்து, "சூடு தெரியாதவன் கையில உயிரைக் கொடுக்கக் கூடாது" என்றார். அன்று சாயங்காலமே அவன் பெட்டியைக் கட்டினான். மரம் அறுக்கிற ஆலையில் இருக்கிறான் இப்போது. அக்காள் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அவள் புருஷனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

தம்பி போய் எட்டு வருஷம் கழித்து வந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. கிடங்கிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற அவரைப் பார்த்தாள். ஒரு காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. சேற்றில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. சரளைக்கல்லில் வெறுங்காலோடு முப்பது அடி நடந்து வந்து, "என்ன அப்படிப் பாக்குற?" என்று கேட்டார். அவள் சொன்னதும் சிரித்தார். வயசாகுதில்ல என்றார். போய்ச் செருப்பை எடுத்து வந்து காலைக் கழுவியபோது உள்ளங்காலில் இரண்டு இடத்தில் ரத்தம் இருந்தது.

அந்த வருஷம் நான்காம் கூண்டு ஜோடி மூன்று வருஷத்துக்குப் பிறகு கருக்கூடின முட்டை ஒன்று இட்டிருந்தது. அதை இன்குபேட்டரில் வைத்துக் குஞ்சு எடுத்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து மூன்றாம் கூண்டுக் குஞ்சு ஒன்றும் வந்தது. கருந்தொண்டை கொஞ்சம் பெரிய சாதி. மூன்று நாள் இளையதாக இருந்தாலும் பத்தே நாளில் அளவில் மற்றதை எட்டிப் பிடித்துவிட்டது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முதலாளி தினம் இரண்டு வேளை வந்து, நீலத்தொண்டைப் பெட்டியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பதினாறாம் நாள் காலையில் காற்றும் மழையும் ஆடித் தீர்த்தது. மின்சாரம் போய்விட்டது. ஐந்தாம் கூண்டின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்ததால் அவள் ஏணியில் ஏறிக் கட்டப் போயிருந்தாள். தீனி நேரம் தவறக் கூடாது என்று அவரே அடுப்பைப் பற்றவைத்துக் கூழைக் கிண்டினார். அவள் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தபோது நீலத்தொண்டைக்குக் கொடுத்து முடித்திருந்தார். எப்போதும் அதற்குத்தான் முதல் தீனி. கூழ் கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு மற்றதுக்கும் கொடு என்று சொல்லிவிட்டு அவர் துணி எடுக்கத் திரும்பினார். பாத்திரத்தைத் தூக்கியவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அடுப்பிலிருந்து இறக்கி எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டாள். அப்போதே இறக்கியாயிற்று, விரல் விட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன், சரியாக இருந்தது என்றார். அவள் அவருடைய சுண்டுவிரலைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. அவர் அதே கையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

அவள் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைத்து, ஆறினபிறகு மற்றக் குஞ்சுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் முதலாளி அவரைக் கூட்டிக்கொண்டு வெளியூர்ப் பண்ணை ஒன்றுக்குப் பறவை வாங்கப் போனார். ஐந்து நாள் வேலை. போகும்போது புருஷன் ஒரு மாத்திரை டப்பாவில் இரண்டு வளையத்தையும் போட்டு அவளிடம் கொடுத்தார். நான் வரத் தாமதமானால் நீயே போட்டுவிடு, கால் பருத்தால் ஏறாது, நாலாம் கூண்டு வளையத்தில் முதல் எழுத்துக்குக் கீழே கோடு இருக்கும், பார்த்துப் போடு என்று மூன்று தடவை சொன்னார்.

அவர் போன அன்றைக்குச் சாயங்காலமே நீலத்தொண்டைக் குஞ்சின் தீனிப்பைத் தோல் சிவந்தது. மறுநாள் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்தது. இது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வெளுப்பைப் பார்த்துத்தான் தம்பியின் பெட்டியை அவளும் சேர்ந்து கட்டினாள்.

பறவை டாக்டரின் நம்பர் குஞ்சறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அரை நாள் தூரத்தில் இருக்கிற மனிதர். கூப்பிட்டால் வருவார். கருகின தோலை வெட்டித் தைத்தால் சில குஞ்சு பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி என்ன என்பதும் தெரியும். யார் தீனி கொடுத்தது? இரண்டு தடவை போனை எடுத்தாள். இரண்டு தடவையும் நம்பரை முழுக்க அழுத்திவிட்டு, மணி அடிக்கிறதுக்கு முன்னால் வைத்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுத் துடைத்தாள், மஞ்சள் களிம்பு தடவினாள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாதிரிக் கூழைக் கொடுத்தாள். நான்காம் நாள் காலையில் துணி நனைந்திருந்தது. தோல் பொத்துக்கொண்டு கொடுத்த கூழெல்லாம் வெளியே வந்திருந்தது. குஞ்சு அப்போதும் பசிக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் கை பட்டதும் அலகைத் திறந்தது. பத்தரை மணிக்கு ஆட்டத்தை நிறுத்தியது.

அவளுக்கு அழக்கூட நேரமில்லை. அவள் முதலாளியை நினைக்கவில்லை, வீட்டை நினைக்கவில்லை. புருஷன் திரும்பி வந்து இந்தக் குஞ்சின் தோலைப் பார்க்கிற அந்த முகம் ஒன்றைத்தான் நினைத்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். தம்பிக்குச் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

செத்தது நீலத்தொண்டை என்றால் தோண்டியெடுத்தாவது பார்ப்பார், கருந்தொண்டை என்றால் விட்டுவிடுவார். அடுத்த பெட்டியிலிருந்து கருந்தொண்டைக் குஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து, கோடு போட்ட வளையத்தை எடுத்துச் சோப்புத் தடவினாள். முன்விரல் இரண்டையும் பின்னால் இருக்கிற நீள விரலையும் சேர்த்துப் பிடித்து நுழைத்தாள். வளையத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்த குட்டை விரலைப் பல் குத்துகிற குச்சியால் மெல்ல நிமிண்டி வெளியே இழுத்தாள். வளையம் காலில் உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தாள். கழன்று வரவில்லை. செத்ததைத் துணியில் சுற்றி எலுமிச்சை மரத்தடியில் ஆழமாகப் புதைத்துவிட்டு, அவருக்குப் போன் பண்ணினாள். குஞ்சு ஒன்று போய்விட்டது என்றாள்.

"எது?" என்றார் அவர்.

"சின்னது. மூணாம் கூண்டு."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. பக்கத்திலிருந்த முதலாளியிடம் அவர் சொல்வதும், நல்லவேளை என்று முதலாளி சொல்வதும் கேட்டது. தீனிப்பை எப்படி இருந்தது என்று கேட்டார். காலி, விளக்கு அணைந்து குளிரில் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை என்றாள். சரி, மற்றதைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டார்.

அவர் ஊரிலிருந்து திரும்பியபிறகு அவள் பிழைத்த பிழைப்பு எதிரிக்கும் வரக் கூடாது. தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து கழற்றி முந்தானைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கூழில் விரல் விடுகிறதுக்கு முன்னால் எப்படியாவது ஒரு தடவை அதை விட்டுப் பார்த்துவிடுவாள். கூண்டுக் கதவு திறந்திருக்கிறதா பாருங்கள் என்பாள், வெளியே யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்பாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் நாற்பதில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அவர் விரலை விட்டு "சரி" என்பார். சரியாகத்தான் இருக்கும். காது மந்தமாகிப்போச்சா உனக்கு, யாரும் கூப்பிடவே இல்லையே என்று ஒருநாள் கடிந்துகொண்டார். ஆமாம், மந்தம்தான் என்றாள்.

குஞ்சு அமோகமாக வளர்ந்தது. முதலாளி வந்து எட்டிப் பார்த்து, ராசா என்று கொஞ்சுவார். கொஞ்சினவர்கள் யாரும் காலில் இருக்கிற வளையத்தைத் தாண்டி வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக அலகுக்குக் கீழே பார்த்தாள். நாள் போகப் போக முள் முள்ளாகக் குருத்து வந்தது. குருத்துக்குள் என்ன நிறம் இருக்கிறது என்று தெரியாது. தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் பார்த்தாள்.

இதற்கிடையில் நான்காம் கூண்டு ஜோடி மறுபடி முட்டையிட்டது. முட்டையை எடுத்துவிட்டால் திரும்ப இடுவது வழக்கம்தான். மூன்றில் ஒன்று கருக்கூடியிருந்தது. இன்குபேட்டரில் வைத்து விளக்கு அடித்துப் பார்த்தபோது உள்ளே நரம்பு ஓடுவது தெரிந்தது. இது நல்ல வருஷம் என்றார் அவர். பல நாளைக்குப் பிறகு சீட்டியடித்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் குஞ்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்றாம் கூண்டுக்கும் நான்காம் கூண்டுக்கும் நடுவில், புதிதாக வருகிறவர்கள் நிற்கிற அதே இடத்தில் நின்றார். குஞ்சின் தாடையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். மூன்றைப் பார்த்தார். நான்கைப் பார்த்தார். மறுபடி குஞ்சைப் பார்த்தார். நெற்றியைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் நின்றார். அவள் குழாயை மூடவில்லை, தண்ணீர் பாத்திரம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். குஞ்சு மடியில் கிடந்தது.

"இது மூணாம் கூண்டு" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வளையம் நீதானே போட்ட?"

"ஆமா."

"எழுத்துக்குக் கீழ கோடு இருக்கும்னு மூணு தடவை சொன்னேன்."

"மாறிப்போச்சு போல" என்றாள். அந்த ஒரு பொய்யைத்தான் இத்தனை நாளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

அவர் யோசித்தார். அவர் எங்கே வந்து நிற்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்போ செத்தது நீலத்தொண்டை" என்றார். "விளக்கு அணைஞ்சதைக் கவனிக்காம விட்டுட்ட. வளையத்துல கோடு இருக்கான்னும் பாக்காம மாட்டிட்ட."

அவளுக்கு அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் குஞ்சைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த குஞ்சறைச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன் தம்பிக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்லணும். இனிமே அந்த ரூமுக்குள்ள நீ வராத. தீனி, சூடு எல்லாம் நானே பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனார். குஞ்சு மாறிவிட்டது, செத்தது நீலத்தொண்டை, என் பொறுப்பில் நடந்தது, என் தப்பு என்று நேராகச் சொல்லிவிட்டார். அவள் பெயரை எடுக்கவில்லை என்று பிறகு கூண்டு கழுவுகிறவர்கள் மூலம்தான் அவளுக்குத் தெரிந்தது. முதலாளி மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாராம். இன்குபேட்டரில் இருக்கிற அடுத்தது பிழைத்தால் வாயைத் திற, இல்லையென்றால் இரண்டு அறையையும் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றாராம்.

போவதென்றால் எங்கே போவது? மகள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை, அதில் மாமியார் வேறு. தம்பி வீட்டுக்குப் போகிற முகம் கிடையாது. ஆனால் அன்று முழுக்க அவள் நெஞ்சில் ஓடினது வீடு இல்லை. சாவி அவர் பையில் இருந்தது. தெர்மாமீட்டர் அவள் இடுப்பில் இருந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. இன்குபேட்டர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முட்டையில் விரிசல் விட்டிருந்தது. மறுநாள் விடிகிறபோது குஞ்சு வெளியே வந்துவிட்டது என்று கூண்டு கழுவுகிறவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். முதலாளி வந்தார், எட்டிப் பார்த்தார், இந்தத் தடவை ராசா என்று கொஞ்சவில்லை. வயிற்றில் மிச்சமிருக்கிற மஞ்சள் கரு கரைந்து முடிகிறவரைக்கும் தீனி கிடையாது. மத்தியானத்துக்கு மேல்தான் முதல் வாய்.

இரண்டு மணிக்கு அவள் குஞ்சறை வாசலில் போய் நின்றாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவின் மேல்பாதி கண்ணாடி. அவர் முதுகு தெரிந்தது. பெட்டிக்குள் விரல் நீளம் இருக்கிற சிவந்த உயிர் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. அவர் வெந்நீர்க் குடுவையிலிருந்து கிண்ணத்தில் ஊற்றினார். ஆவி அவர் முகம் வரைக்கும் எழுந்தது. மாவைப் போட்டுக் கலக்கினார். பச்சைத் தண்ணீர் விடுவார் என்று பார்த்தாள். விட்டார், கொஞ்சம். இடது கைச் சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சிரிஞ்சை எடுத்தார்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திரும்பவில்லை. இரண்டு கையாலும் தட்டினாள்.

"போ இங்கேருந்து" என்றார் திரும்பாமலே.

"அன்னிக்குப் பாத்திரம் என் கையைச் சுட்டுச்சு" என்றாள்.

சிரிஞ்சு கிண்ணத்தின் மேல் நின்றது.

"மழை பெஞ்ச அன்னிக்கு. நீங்க விரல் விட்டுப் பாத்து, சரியா இருக்குன்னு சொல்லிக் கொடுத்தீங்களே, அந்தப் பாத்திரம். என்னால தொட முடியல. விளக்கு அணையல. குளிர்ல சாகல. தீனிப்பை பொத்துப்போச்சு. என் தம்பி கையில செத்த மாதிரியே செத்துச்சு. வளையம் மாறிப்போகல, நான்தான் மாத்தினேன். டாக்டரைக் கூப்பிடாததும் நான்தான். அது பாவம், வாயைத் தொறந்துக்கிட்டே செத்துச்சு."

கூண்டுகளின் பக்கம் மூன்றாம் கூண்டு கத்த ஆரம்பித்தது. தீனி வேளை அதற்கும் தெரியும். அவர் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்து தாழை நீக்கினார். கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார். கோபமாக இருக்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஏன் மாத்தின?" என்றார்.

"நீங்க தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கு யார் சொல்றது? நானா?"

அவர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். சுண்டுவிரலின் நுனித் தோல் பல நாளாக உரிந்து உரிந்து காய்த்திருந்தது. அதை அவர் இதற்கு முன்னால் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் இப்போதுதான் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பெட்டியில் குஞ்சு முதல் தடவையாகக் குரல் கொடுத்தது. நூல் மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் கூண்டின் கத்தலில் அது கேட்டதே அதிசயம்.

அவள் இடுப்பிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். சுண்டுவிரலைக் கூழுக்குள் விட்டார். எப்போதும் போல ஒரு கணத்தில் எடுக்கவில்லை. பக்கத்து விரலையும் விட்டார். அதற்கடுத்ததையும் விட்டார். கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனாள், அவர் மற்றக் கையால் தடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, வெகுதூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அசையாமல் நின்றார். விரல்கள் கணு வரைக்கும் சிவந்துகொண்டு வந்தன.

பிறகு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"சுடுதா?" என்று கேட்டார்.